டாஷ் கமரா, ரிவர்ஸ் கமரா: வாங்க முன்னும் பூட்டும்போதும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டாஷ் கமரா என்பது முன்கண்ணாடியில் ஒட்டி, வீதியில் நடப்பதைப் பதிகிற கமரா. ரிவர்ஸ் கமரா வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கும்போது பின்பக்கத்தைத் திரையில் காட்டுகிறது. இது மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் கார், வேன், லொறி ஓட்டுபவர்களுக்காக எழுதப்பட்டது. பெட்டியில் பெரிதாக அச்சிட்ட 4கே (படத் தெளிவின் அளவு) என்பதைவிட வெயில், உப்புக்காற்று, தெருவிளக்கு இல்லாத வீதி ஆகிய மூன்றும்தான் இங்கே ஒரு கமரா எத்தனை நாள் உழைக்கும், எவ்வளவு பயன்படும் என்பதைத் தீர்மானிக்கின்றன. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சொல்லப்பட்டவை.

இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது. எதை முதலில் பூட்டுவது?

வாகனம் எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். காத்தான்குடி, சாய்ந்தமருது உள்வீதிகள் மாதிரி மதிலும் மதிலும் முட்டுகிற இடத்தில் வீடு, வாசலில் பிள்ளைகள் விளையாடுவார்கள் என்றால் ரிவர்ஸ் கமராதான் முதலில். மாதத்தில் பல தடவை இரவில் வாழைச்சேனை தாண்டி வெலிக்கந்தைப் பக்கமோ, பொத்துவில் தாண்டி சியம்பலாண்டுவைப் பக்கமோ ஓடுபவர் டாஷ் கமராவை முதலில் வாங்கலாம். ஒன்று விபத்தைத் தடுக்கிற சாமான், மற்றது விபத்துக்குப் பிறகு பேசுகிற சாமான். ஒன்றுக்குப் பதிலாக மற்றதை வைக்க முடியாது.

பற்றரி உள்ள டாஷ் கமராவா, கெப்பாசிற்றர் உள்ளதா?

கெப்பாசிற்றர் உள்ளது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிப்பதானால் இதை வாசியுங்கள்.

கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்ட் 70 பாகை செல்சியசைத் தொடும். முன்கண்ணாடியில் ஒட்டிய கமராவுக்கும் அதே அடுப்புத்தான். லிதியம் பற்றரியை 45 பாகைக்கு மேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பது பொதுவான வரையறை. ஆனால் நீங்கள் கடைக்குப் போய்வந்து காரை ஸ்டார்ட் பண்ணின உடனே, கொதிக்கிற பற்றரிக்குள் சார்ஜ் ஏறத் தொடங்கும். சில மாதத்தில் பற்றரி வீங்கும். கமராவின் பின்மூடி பிதுங்குவது, பட்டன்கள் தாமாக அமர்வது, வயரைக் கழற்றிய கணமே கடைசிப் பதிவு பழுதாவது எல்லாம் அதன் அறிகுறிகள். வீங்கிய கமராவைத் தொடர்ந்து பாவிக்க வேண்டாம். கழற்றி வாகனத்துக்கு வெளியே வையுங்கள்.

கெப்பாசிற்றர் செய்கிற வேலை ஒன்றுதான்: மின்சாரம் நின்றதும் சில வினாடிக்குத் தாக்குப்பிடித்து, எழுதிக்கொண்டிருக்கிற கோப்பை ஒழுங்காக மூடிவிடும். காரைவிட்டுக் கழற்றி, கையில் வைத்துப் படம் எடுக்க முடியாது. அது குறையே இல்லை. பெட்டியில் 'சூப்பர் கெப்பாசிற்றர்' என்றும், இயங்கும் வெப்பநிலை 65 அல்லது 70 பாகை வரை என்றும் எழுதியிருக்க வேண்டும். '500 மில்லிஆம்பியர் மணி' போல ஏதாவது இருந்தால் உள்ளே இருப்பது பற்றரி.

4கே அவசியமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கமரா பக்கவாட்டில் 110 பாகை பார்க்கிறது என்று வையுங்கள். அரை மீற்றர் அகலமான ஒற்றை வரி நம்பர் பிளேட் 10 மீற்றர் தூரத்தில் ஏறக்குறைய 2.9 பாகை இடத்தைப் பிடிக்கும். படம் 1920 பிக்சல் அகலமுள்ள 1080பி பதிவில் அது சுமார் 50 பிக்சல், 3840 பிக்சல் அகலமுள்ள 4கே பதிவில் சுமார் 100 பிக்சல். பிளேட்டில் எட்டு எழுத்திடம் என்றால் 1080பியில் ஓர் எழுத்துக்கு ஆறு பிக்சல்தான் கிடைக்கும். 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாத எல்லை அது. 4கேயில் பன்னிரண்டு, வாசிக்கலாம். இரண்டுக்கும் நடுவே உள்ள 1440பி பெரும்பாலானவர்களுக்குப் போதும். அதில் ஓர் எழுத்துக்கு எட்டு பிக்சல் வரும்.

ஆனால் அந்த 4கே உண்மையானதாக இருக்க வேண்டும். மலிவான கமராக்களில் 2 மெகாபிக்சல் சென்சர் எடுக்கிற படத்தை ஊதிப் பெருப்பித்து 4கே என்று எழுதுவார்கள். சென்சரின் பெயரைக் கேளுங்கள். சொனி ஐஎம்எக்ஸ்307 என்பது 2 மெகாபிக்சல். அதை வைத்து 4கே என்றால் கதை முடிந்தது. ஐஎம்எக்ஸ்335 என்றால் 5, ஐஎம்எக்ஸ்415, ஐஎம்எக்ஸ்678 என்றால் 8 மெகாபிக்சல். சென்சர் பெயரே சொல்லாத பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள்.

170 பாகை அகலம் என்று பெருமை பேசுகிற லென்ஸ், அதே பிக்சலை இன்னும் அகலமான இடத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். 130 முதல் 140 பாகைக்கு உள்ளே வைத்துக்கொள்வது நல்லது. அது மூலைக்கு மூலை அளந்த கணக்கு, பக்கவாட்டில் இன்னும் குறையும்.

இரவில் நம்பர் தெரியுமா?

எதிரே வருகிற வாகனத்தின் நம்பர் பெரும்பாலும் தெரியாது. எவ்வளவு விலை கொடுத்தாலும் இதில் பெரிய மாற்றம் இல்லை. வெளிச்சம் இல்லாத வீதியில் கமரா ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 1/30 வினாடி திறந்திருக்கும். இரு வாகனமும் மணிக்கு 60 கிலோமீற்றரில் நேருக்கு நேர் வந்தால், அந்த நேரத்துக்குள் ஒரு மீற்றருக்கு மேல் நெருங்கிவிடும். எழுத்து இழுபட்டுப் போகும். அதோடு ஹெட்லைட் கூச்சம் வேறு.

முன்னால் அதே வேகத்தில் போகிற வாகனத்தின் நம்பர் தெரியும். கட்டாக்காலி மாடு எங்கிருந்து ஏறியது, பின்லைட் இல்லாத உழவு இயந்திரம் வீதியில் எந்தப் பக்கம் நின்றது, நீங்கள் எப்போது பிரேக் பிடித்தீர்கள் என்பதெல்லாம் தெரியும். காப்புறுதிக்கு வேண்டியது பெரும்பாலும் அதுதான். இரவுக்காக வாங்குபவர்கள் ஸ்டார்விஸ் 2 வகைச் சென்சரை (குறைந்த வெளிச்சத்துக்காக சொனி செய்கிற வகை) தேடுங்கள், ஐஎம்எக்ஸ்678, ஐஎம்எக்ஸ்675 இரண்டும் அந்த வகை.

மைக்கை நிறுத்திவைக்காதீர்கள். இடித்துவிட்டு ஓடுகிற வாகனத்தின் நம்பரைக் கண்ணால் பார்த்தவுடன் வாய்விட்டுச் சொல்லுங்கள். படத்தில் தெரியாதது ஒலியில் இருக்கும்.

பின்னால் ஒன்று, உள்ளே ஒன்று என்று மூன்று லென்ஸ் தேவையா?

பின்னாலிருந்து இடிபடுகிற வாய்ப்பு கல்முனை–மட்டக்களப்பு வீதியில் அதிகம். பஸ் நிற்கும், அதற்குப் பின்னால் நீங்கள் நிற்பீர்கள், உங்களுக்குப் பின்னால் வருகிறவர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆகவே இரண்டு லென்ஸ் நியாயம். உள்லென்ஸ் வாடகைக்கு ஓடுகிறவர்களுக்கு மட்டும். அது இரவில் வேலை செய்ய அகச்சிவப்பு விளக்கு இருக்க வேண்டும், பயணிகளுக்குத் தெரியும்படி ஓர் அறிவித்தலும் ஒட்ட வேண்டும். பின்கண்ணாடியில் கறுப்பு டின்ட் அடித்திருந்தால், உள்ளே ஒட்டுகிற பின்கமரா இரவில் ஒன்றும் காட்டாது.

கண்ணாடி மாதிரி மாட்டுகிற மிரர் கமரா எப்படி? ரிவர்ஸ் கமராவும் அதிலேயே வருகிறதே.

ஒரே செலவில் இரண்டு வேலை என்பது உண்மை. திரையில்லாத பழைய அல்ட்டோ, வேன் போன்றவற்றுக்கு வசதிதான். ஆனால் பெரிய திரை வெயிலில் கறுத்துப்போகும். ரப்பர் பட்டியில் தொங்குவதால் குண்டும் குழியுமான வீதியில் படம் ஆடும். பகலில் திரையில் உங்கள் முகமே அதிகம் தெரியும். நீண்ட தூரம் ஓடுபவர்கள் தனித்தனியாக வாங்குவதே மேல்.

மெமரி காட் எத்தனை ஜிபி, எந்த வகை?

வினாடிக்கு 25 மெகாபிட் வேகத்தில் பதிகிற முன்கமரா ஒரு மணித்தியாலத்துக்கு 11.25 ஜிபி எழுதும். பின்கமரா 15 மெகாபிட் என்றால் இரண்டும் சேர்ந்து மணிக்கு 18 ஜிபி. 128 ஜிபி காட்டில் ஏழு மணித்தியாலம் அளவில் நிற்கும். அதாவது மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு ஒருதடவை ஓடி முடிக்கும்போது காட் ஏறக்குறைய நிரம்பியிருக்கும், அதற்குப் பிறகு ஓடினால் புறப்பட்ட இடத்துப் பதிவு அழியத் தொடங்கும். ஒரு லென்ஸ் என்றால் 64, இரண்டு என்றால் 128, வாகனம் நிற்கும்போதும் பதிய வேண்டுமென்றால் 256. கமரா எத்தனை ஜிபி வரை ஏற்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வகை முக்கியம். போனுக்கு விற்கிற சாதாரணக் காட் ஓயாமல் அழித்து எழுதுவதைத் தாங்காது. சில மாதத்தில் வாசிக்க மட்டும் முடிகிற நிலைக்குப் போய்விடும். அப்போதும் கமராவின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், புதிதாக ஒன்றும் பதிந்திராது. விபத்து நடந்த அன்றுதான் பலருக்கு அது தெரியவரும். 'ஹை எண்டியூரன்ஸ்' அல்லது 'புரோ எண்டியூரன்ஸ்' என்று எழுதிய, யு3 அல்லது வி30 (எழுதும் வேகத்தின் குறியீடு) அடையாளமுள்ள காட்டை வாங்குங்கள்.

போலிக் காட்டும் சந்தையில் நிறைய. 128 ஜிபி காட்டைக் கணினியில் போட்டால் 119 ஜிபி என்று காட்டுவது சரியான அளவு, அது ஏமாற்று இல்லை. ஏமாற்று எங்கே என்றால், 119 என்று காட்டிவிட்டு உள்ளே 16 மட்டும் இருப்பது. எச்2டெஸ்ட்டபிள்யு என்ற இலவச மென்பொருளால் முழுக் காட்டையும் எழுதி வாசித்துப் பார்த்தால் பிடிபடும். சில மணித்தியாலம் எடுக்கும், ஆனாலும் வாங்கிய அன்றே செய்யுங்கள். பிறகு காட்டைக் கமராவுக்குள்ளேயே போர்மட் செய்ய வேண்டும். மாதம் ஒருதடவை அதைத் திரும்பச் செய்வது நல்லது.

காட் நிரம்பிவிட்டது என்று கமரா கத்துகிறது. பழையதை அதுவாக அழிக்காதா?

அழிக்கும். ஆனால் அதிர்ச்சி பட்டபோது பூட்டிவைத்த கோப்புகளை அழிக்காது. அதிர்ச்சியை உணர்கிற ஜி-சென்சரை 'ஹை' என்று வைத்துவிட்டு வயல் வீதியில் ஓடினால் ஒவ்வொரு குழியையும் கமரா விபத்து என்று நினைக்கும். சில நாளில் காட் முழுக்கப் பூட்டிய கோப்பாகிவிடும். ஓடும்போதைய ஜி-சென்சரை 'லோ'வுக்கு மாற்றி, ஒருதடவை போர்மட் செய்யுங்கள்.

புதுக் கமராவில் முதலில் மாற்ற வேண்டியவை என்ன?

நேர வலயம் ஜிஎம்டி +5:30. ஜிபிஎஸ் உள்ளது நேரத்தைத் தானே திருத்திக்கொள்ளும். இல்லாததை மாதம் ஒருதடவை பாருங்கள், தவறான திகதி பதிந்த வீடியோ விசாரணையில் பிரச்சினை தரும். மின் அதிர்வெண் 50 ஹேர்ட்ஸ், இல்லாவிட்டால் எல்இடி விளக்குகளும் சிக்னலும் படத்தில் மினுங்கும். கோப்பு நீளம் ஒன்று அல்லது மூன்று நிமிடம். வெளிச்சமும் இருளும் கலந்த காட்சியைச் சமப்படுத்துகிற எச்டிஆர் அல்லது டபிள்யுடிஆர் இயக்கத்தில். பின்னேரம் வாழைச்சேனையிலிருந்து மேற்கே போகும்போது சூரியன் நேரே கண்ணாடிக்குள் வரும், அது இல்லாமல் முன்வாகனம் கறுப்புப் பெட்டியாகத்தான் தெரியும். லேன் எச்சரிக்கை, முன்வாகன எச்சரிக்கை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். நம் வீதியில் அவை பீப் அடித்துக்கொண்டே இருக்கும்.

கண்ணாடியில் எந்த இடத்தில் ஒட்டுவது?

நமது வாகனங்களில் சாரதி வலப்பக்கம். ஆகவே உள்கண்ணாடிக்குப் பின்னால் சற்று இடப்பக்கமாக, வைப்பர் துடைக்கிற பரப்புக்குள் ஒட்டுங்கள். மாரி மழைக்கு வைப்பர் எட்டாத மூலையில் இருக்கிற கமரா ஒன்றுக்கும் உதவாது. வாகனத்தின் சொந்தப் பாதுகாப்புக் கமரா அந்த இடத்தில் இருந்தால் (ரீகண்டிஷன் டொயோட்டா, சுசுக்கி பலவற்றில் உண்டு) அதன் பார்வைக்குள் உடம்போ வயரோ வரக்கூடாது.

கறுப்புப் புள்ளிகள் உள்ள ஓரத்தில் ஒட்டுபட்டி சரியாகப் பிடிக்காது, தெளிந்த கண்ணாடியில் ஒட்டுங்கள். முதலில் ஐசோப்ரோப்பைல் அல்கஹோலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒட்டி அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, ஒரு நாள் அதில் பாரம் ஏற்றாமல் விடுங்கள். இதைக் காலையில், கண்ணாடி சூடேற முன் செய்ய வேண்டும்.

சிகரெட் லைட்டர் சொக்கெட் போதுமா, பியூஸ் பெட்டியிலிருந்து எடுக்க வேண்டுமா?

ஓடும்போது மட்டும் பதிவதற்குச் சொக்கெட் தாராளமாகப் போதும். கமராவுடன் வந்த அடப்டரையே பாவியுங்கள். கடைச் சார்ஜர்கள் 5 வோல்ட்டை ஒழுங்காகப் பிடிக்காமல் கமராவைத் திரும்பத் திரும்ப ஓஃப் ஆக்கும், ரேடியோவிலும் இரைச்சல் கொண்டுவரும்.

நிறுத்தியிருக்கும்போதும் பதிய வேண்டுமென்றால், கமராவைப் பியூஸ் பெட்டியோடு நேரே இணைக்கிற ஹார்ட்வயர் கிட் வேண்டும். அதில் மூன்று வயர். பெரும்பாலும் மஞ்சள் எப்போதும் மின்சாரம் உள்ள பியூசுக்கு, சிவப்பு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வருகிற பியூசுக்கு, கறுப்பு உடம்பு எர்த்துக்கு. நிறத்தை நம்பாமல் வயரில் உள்ள லேபலைப் பாருங்கள். எயார்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கம்பியூட்டர் ஆகியவற்றின் பியூசைத் தொடாதீர்கள். சொக்கெட், உள்விளக்கு போன்றவற்றின் பியூஸ்தான் ஏற்றது. பியூஸ் டப் (பியூஸ் குழியில் செருகி இன்னொரு வயருக்கு மின்சாரம் எடுக்கிற துண்டு) வாங்க முன் உங்கள் பியூசின் அளவைக் கழற்றிப் பாருங்கள். ஜப்பான் கார்களில் கால் குட்டையான மினி பியூஸ் அதிகம், நீளக்கால் டப் அதற்குள் இறங்காது.

டப்பை எந்தப் பக்கமாகப் போட்டாலும் கமரா வேலை செய்யும், ஆனால் ஒரு பக்கம்தான் சரி. பியூசைக் கழற்றி, மல்டிமீட்டரால் எந்தக் குழியில் 12 வோல்ட் வருகிறது என்று பாருங்கள். டப்பின் இரண்டு பியூசுக்கும் பொதுவான கால் அந்தக் குழியில் இருக்க வேண்டும். மாறிப்போட்டால் கமராவின் மின்சாரமும் பழைய பியூஸ் வழியாகவே போகும். கமராவுக்கு 2 அல்லது 3 அம்பியர் பியூஸ் போதும். எர்த்தை வர்ணம் பூசாத உலோகத்தில், ஏற்கனவே உள்ள போல்ட்டுக்கு அடியில் முறுக்குங்கள்.

வயரைக் கூரைத் துணியின் ஓரத்தில் செருகி, முன்தூண் வழியாக இறக்குவது வழக்கம். அந்தத் தூணுக்குள் பக்க எயார்பேக் இருந்தால் வயர் அதற்குப் பின்னால் போக வேண்டும். முன்னால் குறுக்காகப் போட்டால் எயார்பேக் விரியும்போது வயரையும் மூடியையும் முகத்துக்கு வீசும். இதில் பழக்கமில்லாதவர்கள் வயரிங் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டு வேலை செய்யலாமா?

எயார்பேக் பக்கம் வேலை என்றால் கழற்றி, குறைந்தது 90 வினாடி பொறுக்க வேண்டும். ஆனால் ஜப்பானிலிருந்து வந்த டொயோட்டா செட் (டாஷ்போர்டில் உள்ள ரேடியோ, திரை) சிலவற்றில் 12 வோல்ட் போன உடனே செட் பூட்டிக்கொண்டு இலக்கம் கேட்கும். வரைபட எஸ்டி காட்டும் திறவு இலக்கமும் இல்லாவிட்டால் பாட்டுக்கூடக் கேட்க முடியாது. முதலில் அதை உறுதி செய்துகொண்டு கழற்றுங்கள்.

என்னுடையது அக்குவா ஹைபிரிட். பார்க்கிங் பதிவு போட்டால் பற்றரி இறங்குமா?

இறங்கலாம். ஹைபிரிட்டின் பெரிய பற்றரிக்கும் இந்தக் கமராவுக்கும் தொடர்பில்லை. கமரா உறிஞ்சுவது அக்குவா, பிரியஸ் போன்றவற்றில் பின்பக்கம் ஒளிந்திருக்கிற சிறிய 12 வோல்ட் பற்றரியிலிருந்து. அது இறங்கினால் பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் கார் ஓடத் தயார் என்று காட்டுகிற 'ரெடி' விளக்கு வராது.

கமரா 0.3 அம்பியர் எடுக்கிறது என்று வையுங்கள். இரவு பத்து மணித்தியாலத்துக்கு 3 அம்பியர் மணி. 35 அம்பியர் மணி அளவுள்ள, நல்ல நிலையிலுள்ள பற்றரிக்கு அது பெரிய சுமையல்ல. ஐந்து நாள் ஓடாமல் நின்றால் 36. பற்றரியே காலி. வெளிநாட்டில் இருக்கிற மகன் வாங்கி விட்டுப்போன கார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கோ சேர்ச்சுக்கோ போகிறது என்றால் பார்க்கிங் பதிவு வேண்டவே வேண்டாம்.

கிட்டில் உள்ள வெட்டு வோல்ட்டேஜை (பற்றரி இறங்கும்போது கமராவை நிறுத்துகிற அளவு) 12.2க்கு அல்லது அதற்கு மேல் வையுங்கள். ஈய அமிலப் பற்றரி ஓய்வில் 12.6 காட்டினால் நிறைவு, 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. தொழிற்சாலையில் வைத்துவருகிற 11.8 பற்றரியைக் கொன்ற பிறகுதான் வெட்டும். 'ரெடி'யில் இல்லாமல் வெறும் ஏசிசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பதும் அதே சின்னப் பற்றரியைத்தான் தின்னும்.

பார்க்கிங் பதிவில் 'அசைவு' என்ற தெரிவை எடுத்தால் ஆடு, காகம், தென்னோலை நிழல் எல்லாம் பதிவாகும். 'அதிர்வு' அல்லது வினாடிக்கு ஒரு படம் எடுக்கிற டைம்லாப்ஸ் நல்லது. செம்மஞ்சள் நிறத்தில் தடித்த கேபிள் எதைக் கண்டாலும் கிட்டப் போகாதீர்கள், அது உயர் மின்னழுத்தம்.

லொறிக்கும் ஓட்டோவுக்கும் இதே கமரா பூட்டலாமா?

பஸ், டிப்பர், பெரிய லொறிகளில் 24 வோல்ட். அடப்டரிலும் கிட்டிலும் '12–24 வோல்ட்' என்று இருந்தால் மட்டும் பூட்டுங்கள். டிமோ பட்டா போன்ற சிறியவை 12 வோல்ட். ஓட்டோவில் மழையும் அதிர்வும் நேரே படும். அதற்கு மோட்டார் சைக்கிளுக்கு வருகிற, நீர் புகாத வகைதான் நிற்கும்.

போனில் வீடியோ எடுக்கப் பார்த்தால் வை-பை இணைந்து இணைந்து அறுகிறது.

கமராவின் வை-பையில் இணையம் கிடையாது. 'இணையம் இல்லை' என்று கண்ட போன் தானாக டேட்டாவுக்குத் தாவும். மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு இணையுங்கள். பெரிய கோப்பு என்றால் காட்டைக் கழற்றி ரீடரில் எடுப்பது சுகம்.

விபத்து நடந்துவிட்டது. வீடியோவை என்ன செய்வது?

ஆட்களைப் பார்த்த பிறகு, கமராவின் அவசரப் பூட்டுப் பட்டனை ஒருதடவை அழுத்துங்கள். அந்தக் கோப்பு இனி அழியாது. காப்புறுதி நிறுவனத்துக்கு அந்த இடத்திலிருந்தே அழையுங்கள். வருகிற மதிப்பீட்டாளரிடம் வீடியோ இருக்கிறது என்று சொல்லுங்கள். கமராவை நிறுத்தி, விளக்கு அணைந்த பிறகு காட்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். இயங்கும்போது இழுத்தால் கடைசிக் கோப்பு பழுதாகும், உங்களுக்கு வேண்டியதே அந்தக் கோப்புத்தான். வேறு காட் போட்டு வாகனத்தை ஓட்டலாம்.

வெட்டாதீர்கள், எழுத்துப் போடாதீர்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதையே மூலம் என்று வைத்திருக்காதீர்கள், அது தரத்தையும் கோப்பின் விபரத்தையும் குறைத்துவிடும். 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டம் இப்படிப்பட்ட பதிவுகளை நீதிமன்றில் முன்வைக்க வழிவிடுகிறது. ஆனால் முன்வைக்கும் தரப்பு, விசாரணைத் திகதிக்குக் குறைந்தது 45 நாளுக்கு முன் எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். ஆகவே வீடியோ இருப்பதைச் சட்டத்தரணிக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேஸ்புக்கில் போடுவதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

ரிவர்ஸ் சென்சர் ஏற்கனவே இருக்கிறது. கமராவும் தேவையா?

சென்சர் மதிலைச் சொல்லும். மெல்லிய இரும்புக் கம்பி, வாய்க்கால் விளிம்பு, பம்பருக்குக் கீழே குனிந்திருக்கிற பிள்ளை ஆகியவற்றைத் தவறவிடலாம். கமரா எல்லாவற்றையும் காட்டும், ஆனால் நீங்கள் பார்த்தால்தான். இரண்டும் இருப்பது நல்லது.

கடையில் கிடைக்கிற எந்த ரிவர்ஸ் கமராவும் என் செட்டுக்குப் பொருந்துமா?

இல்லை. பழைய வகை அனலொக் சமிக்ஞை, புதியது ஏஎச்டி. ஏஎச்டியில் 720 அல்லது 1080 வரித் தெளிவு உண்டு. அனலொக் மட்டும் ஏற்கிற செட்டில் ஏஎச்டி கமராவைச் செருகினால் கறுப்புத் திரை, அல்லது நிறமற்று உருளும் படம். பிளக் இரண்டுக்கும் ஒரே மஞ்சள் பிளக் என்பதால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. செட்டின் அமைப்பில் கமரா வகை என்ற பகுதியைத் திறந்து, எதையெல்லாம் ஏற்கும் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரீகண்டிஷன் வாகனத்தில் கமராவும் சேர்ந்து வந்திருந்து, செட்டை மட்டும் ஆண்ட்ராய்டுக்கு மாற்றுகிறவர்கள் கவனிக்க: டொயோட்டாவின் சொந்தக் கமரா பல மொடல்களில் 6 வோல்ட்டில் இயங்குகிறது. நேரே 12 வோல்ட் கொடுத்தால் எரிந்துவிடும். அதற்குரிய அடப்டர் வயர் வேண்டும்.

நீர் புகாத்தன்மை ஐபி67க்குக் குறையாமல் இருக்கட்டும். கடலோரத்தில் நிற்கிற வாகனத்துக்கு உலோக உடம்புள்ளதைவிட நல்ல பிளாஸ்டிக் உடம்பு நாட்படும். முலாம் பூசிய திருகாணிதான் முதலில் துருப்பிடிக்கும், அதைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றிவிடுங்கள்.

வயரிங் எப்படிப் போகிறது?

எதையும் கழற்ற முன், டிக்கியில் வைத்தே கமராவை 12 வோல்ட்டுக்கும் செட்டுக்கும் இணைத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். பூட்டி முடித்த பிறகு பழுது என்று கண்டால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

சாவி ஓனில், ஹான்ட் பிரேக் போட்டு, கியரை ரிவர்சில் வைத்து, பின்லைட் சொக்கெட்டில் மல்டிமீட்டரால் 12 வோல்ட் வருகிற வயரைக் கண்டுபிடியுங்கள். கமராவின் சிவப்பு அதற்கு, கறுப்பு உடம்பு எர்த்துக்கு. நடுவில் ஒரு அம்பியர் பியூஸ் போடுங்கள். வீடியோக் கேபிளின் இரு முனையிலும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பின்முனையில் அதையும் அதே ரிவர்ஸ் லைட் வயரோடு சேருங்கள், முன்முனையில் செட்டின் 'பேக்' அல்லது 'ரிவர்ஸ்' என்ற வயரோடு சேருங்கள். கியர் போட்டதும் திரை தானாக மாறுவது இதனால்தான். இதை மறந்துவிட்டுக் 'கமரா வேலை செய்யவில்லை' என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் ஏராளம்.

காருக்கு 6 மீற்றர் கேபிள் போதும், நீள வேனுக்கு 10 முதல் 15. டிக்கிக் கதவுக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாய்க்குள்ளால் கேபிளை எடுங்கள். வெளியே விட்டால் கதவு நசுக்கும், மாரியில் தண்ணீரும் உள்ளே வரும். ஹைபிரிட்டில் பின்சீட்டருகே உள்ள காற்று வாங்கும் துளையைக் கேபிளால் அடைக்காதீர்கள், தரையில் துளையும் போடாதீர்கள்.

இணைப்புகளை ஈயம் பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள். முறுக்கி டேப் சுற்றுவதும், நீல நிறக் கிளிப் கடித்துவிடுவதும் கல்லடி, பொத்துவில் உப்புக்காற்றில் விரைவில் பச்சைபிடித்துவிடும்.

படம் இடம் வலமாக மாறித் தெரிகிறது.

வாகனத்துக்குப் பின்னால் ஒருவரை இடப்பக்கமாக நிற்கச் சொல்லுங்கள். உள்கண்ணாடியில் பார்ப்பது போலத் திரையிலும் இடப்பக்கமே தெரிய வேண்டும். மாறியிருந்தால் அது முன்பக்கக் கமரா அமைப்பில் இருக்கிறது. பல கமராக்களின் வாலில் இரண்டு சிறிய வளைய வயர்கள் இருக்கும். ஒன்றை வெட்டினால் படம் திரும்பும், மற்றதை வெட்டினால் கோடுகள் மறையும். எது எதற்கென்று தாளில் பார்த்துவிட்டு வெட்டுங்கள்.

ரிவர்ஸ் படத்தில் தூரம் காட்டுகிற அந்தச் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கோட்டை நம்பலாமா?

பூட்டிய உயரத்தையும் சரிவையும் பொறுத்து அது மாறும். பம்பரிலிருந்து சரியாக ஒரு மீற்றரில் தரையில் ஒரு தடி போட்டு, அது திரையில் எந்தக் கோட்டில் விழுகிறது என்று பாருங்கள். கமராவைச் சரித்துச் சரிசெய்யுங்கள். பம்பரின் விளிம்பு படத்தின் அடியில் கொஞ்சம் தெரிய வேண்டும். ஆண்ட்ராய்டு செட் சிலவற்றில், ஸ்டார்ட் செய்தவுடன் ரிவர்ஸ் போட்டால் படம் வரச் சில வினாடி ஆகும். படம் வரும்வரை பிரேக்கிலிருந்து காலை எடுக்காதீர்கள்.

ஒரு வருடத்தில் படம் மங்கிவிட்டது, சிலநேரம் கோடு கோடாக வருகிறது.

மங்கல் உள்ளே ஈரம் புகுந்ததாக இருந்தால் கமராவையே மாற்ற வேண்டும், காயவைத்து ஒட்டினாலும் திரும்ப வரும். லென்சின் மேற்பூச்சு வெயிலில் உரிந்து, பால் போல வெளுத்திருந்தாலும் அப்படித்தான். கோடு வருவது பெரும்பாலும் எர்த்தின் குற்றம். போல்ட்டைக் கழற்றித் துருவைச் சுரண்டி மறுபடி முறுக்குங்கள். டிக்கியைத் திறந்து மூடும்போது மட்டும் படம் போய்வந்தால், ரப்பர் குழாய்க்குள் வயர் முறிந்திருக்கிறது.

இரவில் ரிவர்ஸ் படம் கறுப்பாக இருக்கிறது. நல்ல கமரா வாங்கினால் சரிவருமா?

முதலில் ரிவர்ஸ் லைட் பல்பை மாற்றிப் பாருங்கள். கமராவைச் சுற்றி இருக்கிற நாலைந்து எல்இடி புள்ளிகள் ஒரு மீற்றருக்கு அப்பால் ஒன்றும் செய்யாது. வெளிச்சம் தருவது ரிவர்ஸ் லைட்தான். ஜப்பான் கார்கள் பலவற்றில் அது டி16 அளவு, 16 வாட் பல்ப். அதே அளவில் நல்ல வெள்ளை எல்இடி கிடைக்கும். லைட் மூடி உள்ளே மஞ்சளித்திருந்தால் அதையும் பொலிஷ் செய்யுங்கள். அதற்குப் பிறகும் கறுப்பாக இருந்தால் மட்டும் கமராவுக்குக் காசு செலவழியுங்கள்.